புகையில்லா அடுப்பும் பக்கத்து வீட்டு இழவும்

ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்வந்தவர்களை நம்பி வீட்டுக் கூரையில் ஓட்டை போட விடாதீர்கள். போட்டவளே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி, சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றுக்கு வந்திருந்தேன். மில் மூடிக் கிடந்தது. காஸுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். ரேஷனில் மண்ணெண்ணெய் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச்செடி விறகுதான். பஞ்சுத் தூசியில் பாதி போயிருந்த மாமியாரின் நெஞ்சு, மீதியை அடுப்புப் புகையில் இழந்துகொண்டிருந்தது. அவர் இருமும்போதெல்லாம் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கும்.

அதனால்தான் புகையில்லா அடுப்பு கட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். விறகு பாதி மிச்சம், காடும் பிழைக்கும், புகை குழாய் வழியே வெளியே போய்விடும் என்றார்கள். குழாய் கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னிடம் இருந்த சிமென்ட் குழாய் ஓட்டுக்கு மேல் ஒரு சாண்தான் எட்டியது. (போதும் என்று முடிவு செய்தேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!)

நான் கட்டிய மண் அடுப்பு காய்ந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். லைன் முழுக்கச் சண்டை போட்டு வைத்திருந்த மனிதர். கூட்டம் இருந்தது, அழுகைதான் இல்லை. இழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். (என் அடுப்புக்கு இதைவிட நல்ல திறப்பு விழா கிடைக்குமா?) பெரிய அண்டாவை ஏற்றி, ஆடிச் சாரலில் நனைந்த பருத்திமாரைத் திணித்தேன்.

எங்கள் சமையலறையில் துளிப் புகை இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, இருமாமல் மூச்சு விட்டார். "மகராசி" என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் பெருங்குரல் எழுந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என் புகையை அப்படியே அமுக்கி, அவர்கள் வீட்டு ஓட்டுச் சந்துகள் வழியாக உள்ளே இறக்கியிருந்தது. பெரியவர் மேல் கோர்ட்டுக்குப் போயிருந்த பங்காளிகள், பல வருடமாகப் பேசாத மருமகள், எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதறினார்கள். மூத்த மகன் கண் சிவக்க எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஏனுங்க, பொணத்தை வெச்சுக்கிட்டு அடுப்பைப் பத்த வெச்சுப்போட்டோம்னு சனம் எங்களைப் பேசுதுங்க. இது உங்க வேலைங்களா?"

"எங்கூட்ல பொகையே இல்லீங்களே" என்றேன், பெருமையாக.

அன்று சாயங்காலமே என் கணவர் கடப்பாரையால் அடுப்பை இடித்துப்போட்டார். மறுபடியும் மூன்று கல் அடுப்பு, மறுபடியும் இருமல். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். மாமியார்தான் இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"உடு கண்ணு, ஒரு வேளையாச்சும் நல்லா மூச்சு உட்டேன். நான் செத்து ஆரும் அழுகலீன்னா, அந்த அடுப்பைக் கட்டிப்போடு அம்மணி."

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த இழவு வீட்டிலும், அழுகை கொஞ்சம் ஓய்ந்தால் யாராவது என் காதருகே வந்து, "அடுப்பு கட்டறீங்களா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

மாமியார் சாவில் மட்டும் யாரும் கேட்கவில்லை. காஸ் வந்து சேர்வதற்கு முன்பே அவர் போய்விட்டார். நான் அழுத அழுகையில் லைனே கூடிவிட்டது. புகை எதுவும் தேவைப்படவில்லை.