கரண்ட் திருடனைப் பிடிக்க ஒரு கருவி

இறுதிப் போட்டிக்கு முன்னால் அந்தத் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் என் பெயர் எலாடியோ இல்லை என்று சபதம் செய்தேன். சபதத்தைச் சாப்பாட்டு மேஜையில் செய்தேன். கேட்டது என் மனைவி நெரெய்தா மட்டும்தான். அவள் என் தட்டில் வாழைக்காய் மசியலை வைத்துக்கொண்டே சொன்னாள்: "பேரை மாத்தறதா இருந்தா அடையாள அட்டையையும் மாத்தணும். அந்த வரிசையில நான் வந்து நிக்க மாட்டேன்."

விஷயம் இதுதான். எங்கள் அசுவா ஊரில் கரண்ட் போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. வந்தால்தான் தெருவே கூவும். அதனால் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கும். என் வீட்டிலும் உண்டு. ஆனால் கொஞ்ச நாளாக, பேஸ்பால் ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து என் டி.வி. கண்ணை மூடிவிடுகிறது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு எவாரிஸ்தோவின் மின்விசிறி ஜம்மென்று சுற்றுகிறது. எவாரிஸ்தோ தச்சன். திருட்டைக்கூட மன்னித்துவிடலாம். அவன் எதிரணியின் ரசிகன்.

"அவர் நம்ம கரண்டைத் திருடறார்னு எப்படிச் சொல்ற?" என்றாள் நெரெய்தா.

"என்னுது நிக்குது. அவனுது சுத்துது. வேற என்ன சாட்சி வேணும்?"

"நம்ம பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எவ்வளவு நாளாச்சு?"

"பேச்சை மாத்தாதே."

"தண்ணி ஊத்துறது உன் வேலை. இந்த வீட்டுல உனக்குன்னு இருக்கிற ஒரே வேலை."

"திருட்டைப் பத்திப் பேசும்போது தண்ணியைப் பத்திப் பேசாதே."

"சரி, காத்தைப் பத்திப் பேசலாமா? கரண்ட் போனா இந்த அடுப்படி சூளையாயிடுது. அந்தப் பலகைச் சுவர்ல ஒரு ஜன்னல் வையின்னு கல்யாணமான நாள்லேருந்து கேக்கறேன்."

"அந்தப் பக்கம் யாரு வீடு? எவாரிஸ்தோ வீடு. அவன் மூஞ்சிக்கு நேரா எனக்கு ஜன்னலா? என் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் அந்தச் சுவர்ல ஒரு ஆணிகூட இறங்காது."

ஒரே வேளைச் சாப்பாட்டில் இரண்டு சபதம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நான் நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன். முத்திரை குத்துகிறவனுக்கு விஞ்ஞானம் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு கருவியின் படம் போட்டிருந்தார்கள். மூன்று டிரான்சிஸ்டர், ஒரு குட்டிப் பேட்டரி, ஒரு பொட்டு விளக்கு, ஆன்டெனாவுக்கு ஒரு முழம் கம்பி. அவ்வளவுதான். கரண்ட் ஓடுகிற வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், தொடாமலேயே விளக்கு எரியும். வயர் பலகைக்குள் ஒளிந்திருந்தாலும் விடாது. முதல் டிரான்சிஸ்டர் காற்றில் எதையோ மோப்பம் பிடித்து இரண்டாவதின் காதில் போடும். இரண்டாவது அதைக் கொஞ்சம் ஊதி மூன்றாவதிடம் சொல்லும். மூன்றாவது ஊருக்கே விளக்குப் போட்டுக் காட்டும். எங்கள் தெருவில் செய்தி பரவுவதும் இப்படித்தான். அதனால் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

டிரான்சிஸ்டருக்கு எங்கே போவது? அடுப்படியில் நெரெய்தாவின் பழைய ரேடியோ இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் அவள் நாடகம் கேட்கிற ரேடியோ. அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. சால்டரிங் செய்ய உட்கார்ந்தால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் திருடனைப் பிடிக்கிற கருவியைச் செய்யக்கூட கரண்ட் வேண்டும் என்பதைப் பத்திரிகைக்காரன் எழுதவில்லை. சால்டரிங் கோலை அடுப்பில் காய்ச்சினேன். மூன்று டிரான்சிஸ்டரையும் இரண்டு விரலையும் சுட்டுக்கொண்டு ஒருவழியாக ஒட்டவைத்தேன்.

"என் ரேடியோ எங்கே?"

"நாட்டுக்காகத் தியாகம் ஆயிடுச்சு."

"இன்னிக்குத்தான் நாடகத்துல அவ புருஷனுக்கு விஷம் வைக்கப் போறா. வைச்சாளா இல்லையான்னு எனக்கு இனிமே எப்படித் தெரியும்?"

"வைச்சிருக்க மாட்டா."

"வைச்சிருப்பா," என்றாள் நெரெய்தா. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. சாயங்காலம் இறுதிப் போட்டி. என் அணி பல வருஷம் கழித்து இறுதிக்கு வந்திருக்கிறது. அதன் கடைசி ஆட்டக்காரன் மட்டையை ஓங்குகிறபோது என் டி.வி. செத்துப்போனால் நானும் கூடவே போய்விடுவேன். கருவியை டி.வி. வயரிடம் நீட்டினேன். விளக்கு எரிந்தது. மேஜை விசிறி வயரிடம் நீட்டினேன். எரிந்தது. என் கண் கலங்கிவிட்டது.

அடுத்து அடுப்படிச் சுவர். நெரெய்தா தலையில் சுற்றியிருந்த ரோலர்களை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சீப்பால் வாரிக்கொண்டு நின்றாள். வாரக்கணக்கில் மழையில்லை. காற்று அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் சுவரிடம் கருவியை நீட்டினேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் வாருவதை நிறுத்தினாள். அணைந்தது. மறுபடி வாரினாள். எரிந்தது.

நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விளக்கைப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நெரெய்தா ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அப்போதே நான் வீட்டைவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

"எலாடியோ, நீ சொன்னது சரிதான் போலிருக்கே," என்றாள் கடைசியில். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பக்கத்துல நின்னு பாக்கட்டுமா?"

இதற்காகத்தானே ஆண்பிள்ளை உயிர் வாழ்கிறான். "நில்லு, ஆனா எதையும் தொடாதே," என்றேன்.

அவள் தொடவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் தலை வாரிக்கொண்டே வந்தாள். நான் அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே போனேன். விளக்கு எரிந்துகொண்டே வந்து ஓரிடத்தில் அணைந்தது.

"அங்கே கம்பி கீழே திரும்புது போல," என்றாள்.

கீழே காட்டினேன். எரிந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்ததும் அணைந்தது.

"இன்னும் ஒரு சாண் கீழே பாரேன். அவ்வளவு உயரமா இருந்தா நல்லாயிருக்காது… அவ்வளவு உயரத்துல வைச்சிருக்க மாட்டான்."

ஒரு சாண் கீழே எரிந்தது. என் சிஷ்யையின் அறிவு எனக்குப் பெருமையாக இருந்தது. கோடு இடது பக்கம் போய், மேலே ஏறி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"கம்பி ஏன் சதுரமா ஓடுது?" என்று கேட்டேன்.

"திருடன் நேரா ஓடினா மாட்டிக்குவான்ல?"

அதுவும் நியாயம்தான். ரம்பம் வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் ரம்பம் கையில் இருந்தது. எங்கள் வீட்டில் ரம்பம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நல்ல கூர். ஆணிகூட இறங்காது என்று நான் சொன்ன சுவரை நானே அறுத்தேன். வியர்த்து ஊற்ற, கரிக்கோடு தவறாமல், நாலு பக்கமும் அறுத்தேன். பலகை மொத்தமாக வெளியே விழுந்தது.

உள்ளே கம்பி இல்லை. காற்று வந்தது. அந்தப் பக்கம் எவாரிஸ்தோ நின்றான். அவன் இரண்டு கையிலும் பச்சை வர்ணம் அடித்த, கீல் வைத்த ஜன்னல் கதவுகள்.

"அளவு ரொம்பச் சரியா வந்திருக்கு, தோன் எலாடியோ," என்றான் மரியாதை குறையாமல். "தோனா நெரெய்தா ஈஸ்டருக்கே கதவு செய்யச் சொல்லிட்டாங்க. சுவர் மட்டும்தான் பாக்கின்னு சொன்னாங்க. அப்படியே என் ரம்பத்தைக் குடுத்திடுங்க."

"கம்பி எங்கே?" என்று கத்தினேன்.

"எந்தக் கம்பி?" என்றான் எவாரிஸ்தோ.

நெரெய்தா சீப்பால் தலையை ஒரு தடவை வாரி, சீப்பை என் கையிலிருந்த கருவியிடம் நீட்டினாள். பளிச்சென்று எரிந்தது. "இதோ, என் தலையில ஓடுது," என்றாள்.

சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. வழக்கம்போலக் கரண்ட் போனது. வழக்கம்போல, ஏழாவது சுற்றில் என் டி.வி. கண்ணை மூடியது. வேறு வழியில்லாமல் போய் பேட்டரியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. எவாரிஸ்தோ தன் பேட்டரிக்கு மாதாமாதம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறானாம்.

அடுப்படியில் நெரெய்தா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து எவாரிஸ்தோவின் மனைவி ஒவிதியா ரேடியோ நாடகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வைச்சாளா?"

"வைச்சுட்டா. காப்பியில."

அவர்கள் தலைக்கு மேலாக, எவாரிஸ்தோவின் கூடத்தில் டி.வி. ஓடுவது அந்த ஜன்னல் வழியே அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசிச் சுற்று. என் அணியின் ஆள் மட்டையோடு நிற்கிறான். நான் மானத்தை அடக்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்து, ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, கழுத்தை நீட்டினேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, எலாடியோ," என்றாள் நெரெய்தா. "காத்தை மறைக்கிற."