பதினான்காம் நூற்றாண்டுப் பைக்குள் ஒரு தாலிக்கொடி

ஒரு பொருளைப் பற்றி நிறைய வாசித்தவனிடம் அந்தப் பொருளைச் செய்கிற வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன்.

தம்பி சுதனுக்கு விம்பிள்டனில் கலியாணம். தாலிக்கொடியை வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருக்கிற எங்கள் வீட்டில் இருந்து மண்டபத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோவது அண்ணனான என் பொறுப்பு. தமிழரின் நகைகளுக்குக் கள்ளர் குறிவைக்கிற காலம் அது. (இப்போதும் அதே காலம்தான்.) நகைப் பெட்டியைக் கண்டால் எந்தக் கள்ளனுக்கும் விளங்கும். பழைய தோல் பையை யார் பறிப்பான்?

அப்போது எனக்கு மத்தியகால லண்டன் பைத்தியம் முற்றியிருந்தது. தேம்ஸ் சேற்றில் இருந்து எடுத்த தோல் பணப்பைகளை அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று மணிக்கணக்காகப் பார்ப்பேன். அந்தக் காலத்துச் சட்டைகளில் பொக்கற் இல்லை. பையை இடுப்புப் பட்டியில் தொங்கவிட்டார்கள். கள்ளனும் அதைத் திறந்து மினக்கெடுவதில்லை, வாரை அறுத்துக்கொண்டு ஓடுவான். இதையெல்லாம் வாசித்தவன் சும்மா இருப்பானா?

“தோலுக்குள்ள தாலியோ?” என்றாள் என் மனைவி ராணி.

“தவிலும் தோல்தானே?”

“தவிலுக்குள்ள தாலி வைக்கிறவையோ?”

பட்டுத்துணியில் சுற்றித்தான் வைப்பேன், மண்டப வாசலிலேயே வெளியே எடுத்துவிடுவேன் என்று சமாதானம் சொன்னேன். ‘சரி, இழுத்துத் திறந்து மூட ஒரு சிப்பாவது வையுங்கோ’ என்றாள். பதினான்காம் நூற்றாண்டில் சிப் இல்லை என்று பொறுமையாக விளக்கினேன்.

“அப்ப பதினான்காம் நூற்றாண்டுக்காரரையே தம்பிக்குக் கலியாணம் செய்து வைக்கச் சொல்லுங்கோ.”

நான் விடவில்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட ஆட்டுத்தோல் வாங்கினேன். இரண்டு துண்டு வெட்டி, மினுங்குகிற பக்கம் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குத்தூசியால் துளையிட வேண்டும். தேன்மெழுகு பூசிய நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் இரண்டு பக்கத்தாலும் விட்டு இழுத்துத் தைக்க வேண்டும். தைத்து முடித்ததும் தோலை நனைத்து உள்வெளியாகப் புரட்டினால் தையல் உள்ளே மறைந்துவிடும். முதல் பை புரட்டும்போது கிழிந்தது. இரண்டாவதில் என் சட்டைக் கையும் சேர்ந்து தைபட்டது. மூன்றாவதைப் பார்த்து ராணியே, “பரவாயில்லை, பைமாதிரித்தான் இருக்கு” என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாயைச் சுருக்கிக் கட்டும் வார் மிச்சமிருந்தது. பட்டுக் கயிறோ மெல்லிய தோல் வாரோ போதும். எனக்கோ கள்ளன் அறுக்க ஏலாத வார் வேண்டும். பதனிடாத பச்சைத்தோல்தான் உறுதி என்று எங்கோ வாசித்திருந்தேன். எட்மண்டனில் பச்சைத்தோலுக்கு எங்கே போவது? செல்லப்பிராணிக் கடையில் நாய் கடிப்பதற்கென்று எலும்பு வடிவில் விற்கிறார்கள். அதை வாங்கி ஊறவைத்து, வாராகக் கீறி எடுத்தேன். (நூற்றாண்டு சரி, கடைதான் பிழை.)

கலியாணத்தன்று காலை மழை. காரில் ஏறுமுன் பையின் வாயை இழுத்து, நனைந்த வாரில் முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு, வேட்டிக்கு மேல் கட்டிய பட்டியில் தொங்கவிட்டேன். குளிருக்கு ஹீட்டரைக் கூட்டினேன். லண்டனின் வடக்கில் இருந்து தெற்குவரை அந்தச் சூடு நேரே பையின் மேல் அடித்தது.

பச்சைத்தோல் நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கிக் கல்லாகும். இதையும் வாசித்திருந்தேன். வாசலில் முடிச்சில் கை வைத்தபோதுதான் நினைவு வந்தது.

நகத்தால் கிண்டினேன். நகம் போனது. உள்ளே கூப்பிட்டார்கள். பையோடு மணவறைக்கே போய்ச் சேர்ந்தேன்.

“தாலியைத் தட்டில வையுங்கோ தம்பி, சபைக்குக் காட்டவேணும்” என்றார் ஐயர்.

“ஒரு நிமிஷம் ஐயா.”

“நல்ல நேரம் முடியப்போகுது.”

“அண்ணை,” தலைப்பாகைக்குள் வியர்த்துப்போயிருந்தான் சுதன், “நான் இண்டைக்குக் கலியாணம் கட்டுறனோ இல்லையோ?”

மாலை கட்டியவரின் கத்தரிக்கோலோடு ராணி ஓடிவந்தாள். ஐயர் கையை நீட்டித் தடுத்தார். “தாலி இருக்கிற பையை மணவறையில வெட்டுறதோ? நான் விடமாட்டன்.” உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரத்திலும் நிம்மதியாக இருந்தது. மூன்றாவது பையல்லவா!

பன்னீர்ச் செம்பைப் பறித்து முடிச்சில் ஊற்றினேன். ஊற நேரம் வேண்டும், அது இல்லை. கடைசி வழியாகப் பட்டியைக் கழற்றிப் பையை வாய்க்குக் கொண்டுபோனேன். மாப்பிள்ளையின் தமையன், விரதம் காத்துவந்த நான், அக்கினிக்கு முன்னால், நாய் கடிக்கிற தோலைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வீடியோக்காரர் மணமக்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அத்தான், பல்லுப் போகப்போகுது, விடுங்கோ!” என்றாள் மணப்பெண் தர்ஷிகா. பிறகு ஐயரைப் பார்த்து, “வேற வழி இல்லையோ ஐயா?”

ஐயர் பூசைத் தட்டில் இருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்தார். நூலில் மஞ்சள் பூசி, துண்டை நடுவில் கட்டி, சுதனின் கையில் கொடுத்தார். “இதுவும் தாலிதான். கட்டும்!” கெட்டிமேளம் முழங்கியது. நல்ல நேரம் முடிவதற்குள் என் தம்பி குடும்பஸ்தன் ஆனான். நான் பல்லால் பையைப் பிடித்தபடியே அட்சதை போட்டேன்.

பந்தியில் எல்லாரும் வடை சாப்பிட, நான் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு இருந்து கொடியை மீட்டேன்.

அந்த ஐயர் அதன்பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும், தாலித் தட்டில் மஞ்சள் துண்டு கட்டிய நூல் ஒன்றை முன்கூட்டியே வைக்கச் சொல்கிறார். அவரைப் பார்த்து மற்ற ஐயர்மாரும் தொடங்கிவிட்டார்கள். போன மாதம் ஆர்ச்வேயில் ஒரு கலியாணம். எங்களுக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரருக்கு அந்த நூலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்: இது சோழர் காலத்தில் இருந்து வருகிற வழக்கமாம்.

யாராவது ஒரு நூற்றாண்டைப் பிழையாகச் சொன்னால் நான் எழும்பித் திருத்துகிறவன். வாயைத் திறந்தேன்.

ராணி என் காதுக்குக் கிட்ட வந்தாள். “திருத்துங்கோவன். எந்த வருஷம், ஆராலை தொடங்கினது எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.”

சோழர் காலமாகவே இருக்கட்டும்.