ஊர் கூடி அளந்த வீடு

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கூட்டத்துக்குப் போகக் கூடாது. போனாலும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எனக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான். அதையும் பட்டுத்தான் படித்தேன்.

எனக்கு முழங்கால் வலி. எங்கள் வீட்டு பாத்ரூமோ புறவாசல் கடைசியில், தென்னைமரத்துக்கும் அந்தப் பக்கம் இருந்தது. ஐப்பசி மழையில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போவதைப் பார்த்தால் காசி யாத்திரை கிளம்பியது போல இருக்கும். அதனால், பக்கத்து வீட்டு மதிலுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் கிடக்கிற சந்தில் சின்னதாக ஒரு பாத்ரூம் கட்டித்தரச் சொல்லி எங்க வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். (நச்சரிப்பு என்றால் வாயால் இல்லை. காபியை வைத்துவிட்டுத் திரும்பும்போது முழங்காலைத் தடவிக் காட்டுவேன்.)

அந்த சமயத்தில்தான் பேரூராட்சியிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். வீட்டு உரிமையாளர்களுக்குக் கட்டட விதிகளை விளக்கும் கூட்டமாம், கல்யாண மண்டபத்தில்.

"பத்திரம் உன் பேருலதான இருக்கு. உரிமையாளர் நீதான். வா" என்றார் வீட்டுக்காரர். (பாத்ரூம் கேட்கும்போது இந்த உரிமை அவருக்கு ஞாபகம் வராது.)

அந்த மண்டபத்தின் சமையல்கட்டே வாய்க்கால் கரையை வளைத்துப் போட்டுத்தான் நிற்கிறது. ஊருக்கே தெரியும். ஆனால் வடை பொரிகிற வாசனை வரும்போது சமையல்கட்டைப் பற்றி யார் கேள்வி கேட்பார்கள்?

மேடையில் அதிகாரி ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். சேலைக்கடையில் விரிப்பது போல ஒரே கலர்.

"மஞ்சள் குடியிருப்புப் பகுதி, வீடு கட்டலாம். நீலம் கடைகண்ணிக்கு. பச்சை விவசாயத்துக்கு. பச்சையில வீடு கட்டக் கூடாது."

முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி எழுந்தார். "சார், எங்க வீடு பச்சையிலல்லா இருக்கு! மனை வாங்கும்போது ஒருத்தனும் கலரைச் சொல்லலையே?"

"பச்சையில குடியிருக்கணும்னா நெல்லாப் பிறந்திருக்கணும் அண்ணாச்சி" என்றாள் என் பக்கத்தில் இருந்த செல்லம்மா மதினி. எங்கள் எதிர்வீட்டுக்காரி. எனக்கு அவள் மதினி, அவளுக்கு நான் மதினி. கூச்சம் என்றால் என்ன விலை என்று கேட்கிறவள்.

மஞ்சளில் இருந்தாலும் மனை முழுக்கக் கட்டிவிடக் கூடாதாம். முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் காலி இடம் விட வேண்டுமாம். காற்று வரணும், வெளிச்சம் வரணும், தீப்பிடித்தால் வண்டி வரணும் என்றார் அதிகாரி. (எங்கள் தெருவுக்குள் வருகிற குல்பி வண்டியே திரும்ப வழியில்லாமல் பின்பக்கமாகத்தான் போகும்.) எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவரும் தன் வீட்டை நினைக்கவில்லை, அடுத்த வீட்டை மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது வடைத்தட்டு வந்தது. எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. முதல் தடவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். "அட, சும்மா எடுங்க" என்று இரண்டாம் தடவை வற்புறுத்தினால்தான் எடுக்க வேண்டும். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிக் கிடந்தது. ஆனாலும் மரியாதையை விடலாமா? வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு, கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் அதிகாரி, "ஒரு வீட்டை இப்பவே நேர்ல அளந்து காட்டுதோம். சம்மதம்னா கை தூக்குங்க" என்று கேட்டிருக்கிறார். வடையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை. அந்த மண்டபத்தில் உயர்ந்து நின்றது ஒரே ஒரு கை.

"அந்த அம்மாவுக்கு எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!"

தட்டினார்கள். வடைத்தட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட?" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். வடை வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று எழுந்து சொல்லலாம். அதற்கு நான் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பின்னால் தேர் வருகிற மாதிரி ஊரே வந்தது.

வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்குக் காலையில் துவைத்துப் போட்ட துணி ஞாபகம் வந்தது. நான் பாவாடையை ஊர் பார்க்கக் காயப்போடுகிறவள் இல்லை. யார் கண்ணும் படாத இடம் என்று கொடி கட்டியிருந்ததே அந்தச் சந்தில்தான்.

வீட்டுக்காரரிடம் ஜாடை காட்டினேன். அவர் ஓடிப்போய், "சார், அங்கன போகாதீய, பூரான் கிடக்கு" என்றார்.

"நான் பாக்காத பூரானா அண்ணாச்சி?" என்று அதிகாரி ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். அவர் கொஞ்சம் பெருத்த உடம்பு. சந்து மெலிந்த உடம்பு. போனவருக்குத் திரும்ப வழியில்லை. அளந்துவிட்டு, குல்பி வண்டி போலவே பின்பக்கமாக வந்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் பார்த்தால், அவர் தோளில் என் ஊதாப் பாவாடை, பொன்னாடை போர்த்தின மாதிரி.

"சாருக்கு மதினி மரியாதை செஞ்சாச்சு!" என்றாள் செல்லம்மா. நான் கதவுக்குப் பின்னால் போனவள்தான்.

அதிகாரி பாவாடையை மரியாதையாக மடித்து மதில்மேல் வைத்துவிட்டுக் கேட்டார். "அனுமதி வாங்கின வீட்டு வரைபடத்துல அகலம் இருபத்தஞ்சு அடி. சுவர் இருபத்தாறுல நிக்குதே?"

எங்க வீட்டுக்காரருக்குப் பெருமை. "மனையடி சாஸ்திரம் சார்! இருபத்தஞ்சு ஆகாது. இருபத்தாறுன்னா இந்திரனைப் போல வாழ்வு. ஆசாரி சொன்னதும் பைய ஒரு அடி தள்ளிட்டோம்."

"எதுல தள்ளினீங்க?"

"காலியா கிடந்த இடத்துலதான்."

"அது காலியா கிடக்க வேண்டிய இடம் அண்ணாச்சி."

"சட்டம்னா சட்டம்தான?" என்றாள் செல்லம்மா மதினி. அவள் வீட்டு மாடிப்படி சாக்கடைக்கு மேலே காலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதிகாரி டேப்போடு மெல்லத் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததுதான் தாமதம், கூட்டத்தில் பாதிப் பேருக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிட்டது.

"இந்தச் சந்துல இனி ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கிடையாது" என்றார் அதிகாரி.

"கேட்டியாட்டி?" வீட்டுக்காரர் குரலில் தேன் வடிந்தது. "பாத்ரூம் வேண்டாம்னு சட்டமே சொல்லிட்டு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்றபடியே சத்தமாகக் கேட்டுவிட்டேன். "இந்திரனைப் போல வாழ்வுன்னு சொல்லுதாவளே, இந்திராணி நட்ட நடு மழையில குடை பிடிச்சுக்கிட்டா பாத்ரூம் போனா?"

மிச்சமிருந்த தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி சிரித்து முடித்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "ஹாலு பெருசாத்தான இருக்கு? அந்த மூலையில ஒரு சுவரை வச்சு உள்ளேயே கட்டிக்குடுங்க. அதுக்கு யாரும் குறுக்க நிக்க மாட்டாங்க. அந்த ஒரு அடிக்குத் தனியா மனு போடுங்க."

அவர் காட்டிய மூலை, வீட்டுக்காரரின் சாய்வு நாற்காலியும் டிவியும் இருக்கிற மூலை. ஊர் முன்னால் மறுக்க முடியவில்லை. கட்டிக்கொடுத்தார். (ஒரு அடிக்கான மனுவோடு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார். பேரூராட்சி ஆபீசில் ஒவ்வொரு தடவையும் வேறு ஜன்னலைக் காட்டுகிறார்களாம்.)

டைல்ஸ் போட்டு, பிடித்து எழுந்திருக்கக் கம்பியெல்லாம் வைத்த நல்ல பாத்ரூம். ஒரே ஒரு குறை. கதவு ஹாலைப் பார்த்து இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் முன்னால் எழுந்துபோய் அந்தக் கதவைத் திறக்க என் உடம்பு கூசுகிறது. அதனால் வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பழையபடி புறவாசலுக்கே நொண்டிக்கொண்டு போகிறேன்.

இது சொந்தபந்தம் பூராவுக்கும் தெரிந்துவிட்டது. நான் செருப்பைத் தேடினால் போதும். "எந்திரிங்க, எந்திரிங்க, மதினி செருப்பைத் தேடுதா. அவ கால் என்னத்துக்கு ஆகும்?" என்று செல்லம்மா மதினியே எல்லோரையும் கிளப்பிவிடுவாள். வந்தவர்களும் பாவப்பட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சில நாள் எனக்கு அவசரம் ஒன்றும் இருக்காது. பேச்சு ரொம்ப நீண்டுவிட்டால், சும்மாவே செருப்பைத் தேடுவேன்.