மேயர் ஊரில் பட்டினி

பாரிஸ் நகரத்தில் பசியைக் கண்டு மேயர் அளவுக்குக் கொதித்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அவர் யாருக்காகக் கொதித்தாரோ அந்தச் சனங்களில் ஒருவருக்குக்கூட உயிர் கிடையாது என்பதுதான் கொடுமை. எல்லோரும் ஒரு பழைய மடிக்கணினிக்குள் எறும்பளவில் நடமாடினார்கள்.

மேயர் என்றால் தேர்தலில் வென்றவர் இல்லை. லா சப்பலில் ஓர் உணவகத்தில் சமையற்காரர். சனி ஞாயிறுகளில் கலியாண மண்டபங்களுக்கும் சமைப்பார். பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் என்ற இடத்தில், யன்னலுக்கு நேரே மெத்ரோ ரயில் ஓடும் ஒரு வீட்டில் அவரும் நானும், பார்சல் விநியோகம் செய்யும் சீலனும் ஒன்றாக இருந்தோம். பிரெஞ்சு படிக்கப்போகிறேன் என்று சொல்லி, கைமாறி வந்த கணினி ஒன்றை மேயர் வாங்கினார். அதற்குள் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று கிடந்தது. காட்டை வெட்டி, வீடு கட்டி, வயல் விதைத்து, சனத்தைப் பட்டினி போடாமல் காப்பாற்ற வேண்டும். அன்றோடு பிரெஞ்சு போயிற்று. மேயர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருடைய சொந்தப் பெயரும் எங்களுக்கு மறந்துபோயிற்று.

முதல் ஊர் முதல் குளிர்காலத்திலேயே பட்டினியில் அழிந்தது. வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுக் கணினியை மூடியிருப்பார். இவர் திரையில் வந்த அறிவிப்பைக் காட்டித் துள்ளி எழுந்தார்.

"நான் சமைச்ச பந்தியிலை ஒருத்தரும் அரை வயித்தோடை எழும்பினதில்லை. என்ரை ஊரிலை சனம் பசியாலை செத்ததெண்டு எழுதுறாங்கள். ஆரைக் கேட்டு எழுதினவங்கள்?"

அடுத்த நாள் கணக்கு தொடங்கியது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கடலையும் பருப்பும் பரப்பினார். ஒரு கடலை ஓர் ஆள். ஒரு குவியல் பருப்பு ஒரு வயலின் விளைச்சல். வயலில் ஆளைக் கூட்டினால் விளைச்சல் கூடும், ஆனால் வந்த ஆளும் தின்பான். கொல்லனும் விறகு வெட்டுகிறவனும் ஒன்றும் விளைவிக்காமலே தின்பார்கள். ஆகவே ஒரு வயல், தன்னில் உழைப்பவர்கள் போக, இன்னும் எத்தனை பேரைத் தாங்கும்? இதைக் கண்டுபிடிக்க மேயர் நாள் முழுக்கக் கடலைகளை அங்கும் இங்கும் நகர்த்தினார். நாங்கள் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். வாடகை கட்டுகிற எனக்கு மேசையில் இடமில்லை. ஒரு சதம் தராத கடலைக்கு இடமிருந்தது. இது எந்த ஊர் நியாயம்?

கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. காரணத்தை ஒரு நாள் கண்டுபிடித்தார். நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"கேட்டனியோ அநியாயத்தை? இதிலை ஒரு கைக்குழந்தையும் கொல்லனும் ஒரே அளவு தின்னுதாம்!"

"அண்ணை, அது விளையாட்டு."

"விளையாட்டோ? இதைச் செய்தவன் தன்ரை வாழ்நாளிலை ஒரு பிள்ளைக்குச் சோறு தீத்தியிருப்பானோ? தின்னுறதும் என்ன? வெறும் மரக்கறி, கோவாவும் போஞ்சியும். உப்பில்லை, புளியில்லை. இப்பிடிச் சாப்பிட்டால் சனம் சாகாமல் என்ன செய்யும்?"

என் கன்னத்தில் வெட்டு விழுந்தது. அதற்கும் விளையாட்டைச் செய்தவனைத்தான் திட்டினார்.

ஒருவழியாகக் குழந்தைகளையும் பெரியவர்களாக எண்ணிக் கணக்கைத் திருத்தி வைத்துவிட்டு அவர் வேலைக்குப் போனார். அன்று பசியோடு வந்த சீலன் மேசையைப் பார்த்தார். கடலையை அள்ளிக் கழுவி, அவித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்துவிட்டார். மேயர் வீட்டுக்குள் கால் வைத்ததும் வாசனை பிடித்தார். மேசையைப் பார்த்தார். சீலனின் கோப்பையைப் பார்த்தார்.

"சனத்தொகையை அவிச்சுப்போட்டியேடா!"

"ருசியாத்தான் இருக்கு, அண்ணை. கொஞ்சம் சாப்பிடுங்கோவன்."

ஒரு கிழமை இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் நான் தூதுவன். "உப்பை இஞ்சாலை தரச் சொல்லு" என்பார், சீலன் அவருக்குப் பக்கத்திலேயே இருக்க.

புதுக் கணக்கில் ஊர் நிமிர்ந்தது. களஞ்சியம் நிறைந்தது. அப்போதுதான் திரையில் பிரெஞ்சில் ஒரு பெட்டி திறந்தது. ஊர் எல்லையில் வீடில்லாத சனங்கள் வந்து நிற்கிறார்கள், சேர்ப்பதா, வேண்டாமா? கணக்கின்படி ஊர் இன்னும் ஒரு வாயைக்கூடத் தாங்காது. மேயர் ஒரு கணமும் யோசிக்காமல் "சேர்" என்ற பொத்தானை அமத்தினார். குளிர்காலம் வந்தது. பழைய சனமும் புதுச் சனமும் சேர்ந்து செத்தார்கள்.

திரும்பக் கட்டினார். திரும்ப வந்து நின்றார்கள். திரும்பச் சேர்த்தார். எங்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் மேசையை இழந்தது இதற்கா?

"அண்ணை, 'வேண்டாம்' எண்டு ஒருக்கா அமத்தினால் ஊர் தப்பும்" என்றார் சீலன்.

மேயரின் முகம் சிவந்தது. "என்ரை விசாவுக்கு நான் போய் நிண்ட கந்தோரிலை, ஒருத்தி என்ரை முகத்தைப் பாக்காமலே 'நோன்', ஏலாது எண்டவள். வெளியிலை வந்து மழையிலை நிண்டனான். நானும் இருந்துகொண்டு அப்பிடி அமத்தவோ? உனக்கு ஏலுமெண்டால் நீ வந்து அமத்து."

சீலன் சுட்டியைத் தொடவில்லை. நானும் யன்னல் பக்கம் திரும்பி மெத்ரோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு பொபினியில் கலியாணச் சமையல். எடுபிடியாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சொன்ன தொகையைவிட எவ்வளவோ கூடுதலான சனம். பெண்ணின் தகப்பன் வெலவெலத்துப் போய்ச் சமையலறைக்கு ஓடி வந்தார்.

"அண்ணை, சோறு காணுமோ?"

"நீங்கள் போய்ச் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ. கலியாணக் காட் குடுத்த சனத்துக்கு மட்டும் உலை வைக்கிறவன் சமையற்காரனோ? சொல்லாமல் வாற சனத்தையும் நினைச்செல்லோ..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையில் அகப்பை. பாயசம் அடிப்பிடிக்கத் தொடங்கியது. நான்தான் பாய்ந்து கிண்டினேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் புது ஊர் தொடங்கினார். இந்த முறை இருக்கிற சனத்துக்குக் கணக்குப் போடவில்லை. வரப்போகிற சனத்துக்கும் சேர்த்து விதைத்தார். வெற்று வீடுகள் கட்டிப் போட்டார், ஆற்றில் மீன் பிடிக்கவும் ஆள் விட்டார். யாரும் வராத ஊருக்கு இவ்வளவு மீனா என்று சீலன் கேட்டதற்கு, வாயை மூடச் சொன்னார்.

அடுத்த திங்கள் அவருக்கு ஓய்வு நாள். பெட்டி திறந்தது. முன்னெப்போதையும்விடப் பெரிய கூட்டம். "சேர்" என்று அமத்தினார். பனி கொட்டத் தொடங்கியது. மூவரும் திரைக்கு முன்னால் குந்தியிருந்தோம். களஞ்சியம் கரைந்துகொண்டே போனது. கடைசியில் ஒரு மூலையில் கொஞ்சக் கோவாதான் மிச்சம். சீலன் கும்பிட்டே விட்டார். பனி உருகியது. வயலில் பச்சை தெரிந்தது. ஒருவரும் சாகவில்லை.

நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். கீழ்வீட்டுக்காரி தடியால் தன் வீட்டுக் கூரையில் இடித்தாள். மேயர் மட்டும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சனத்தையும் காப்பாத்தியிருக்கு. ஒரு நன்றி, ஒரு மெர்சி சொன்னாங்களோ பார்!"

இப்போது அவர் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், பிறகு பிரான்சுக்கு வந்து சேர்ந்த மகளோடு இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்க மாட்டார். "சாப்பிட்டியோ?" என்று அதட்டுவார். நான் வயிறு முட்டத் தின்றிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவார்.