தனித்தனித் தயிர்சாதம்

பதினாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். முத்தையனுக்குச் செம்பியன் தரவேண்டிய பழைய சம்பளப் பாக்கி. அதை நம்பித்தான் அவர் மனைவி பெரியநாயகியின் தோடு அடகுக்கடையில் கிடந்தது.

நடவு வேலைக்கு இடுப்பு ஒத்துழைக்காமல், காரைக்கால் டவுனில் செம்பியன் போட்டிருந்த சமையற்கூடத்தில் சேர்ந்திருந்தார் முத்தையன். அங்கே உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. போனில் கேட்டால் சமைத்து, வண்டியில் வீட்டுக்கே அனுப்புவார்கள். யாரும்தான் கேட்கவில்லை.

"ஆர்டர் ஏறட்டும்ண்ணே, மொத்தமா குடுத்துடறேன்," என்றான் செம்பியன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரும்பகரம் நடுத்தெருவில் தன் சனங்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார் முத்தையன்.

"கடைய மூடுனா என் காசு போயிடும்ப்பா. ஆளுக்கு ஏதாச்சும் வாங்குங்க."

"இதுக்குப் போயி கெஞ்சுறியே மாமா, நாங்க எதுக்கு இருக்கோம்?"

மறுநாளே பத்து ஆர்டர். பத்தும் தயிர்சாதம். பத்தும் தனித்தனி. வண்டி ஓட்டும் ஜெகபர் சாதிக் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு டவுனுக்குத் திரும்பினால், பக்கத்து வீடு கேட்டிருக்கும்.

"ஏண்ணே, உங்க தெருவுல சேத்தே வாங்க மாட்டாங்களா? பத்து நடை போயி முதுகு விட்டுப்போச்சு."

முத்தையன் வீட்டில் கேட்டார்.

"மொய்யை யாராச்சும் சேத்து எழுதுவாங்களா? அவங்கவங்க பேரு தெரிய வேணாமா?" என்றாள் பெரியநாயகி.

செம்பியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "குரும்பகரம் புடிச்சுக்கிச்சுண்ணே! வுடக்கூடாது." அந்த ஊருக்கு மட்டும் பாதி விலை என்றான். இன்னொரு வண்டிக்கு ஆள் போட்டான். தவணையில் பெரிய அடுப்பு வந்து இறங்கியது. முத்தையனுக்கு வாரக்கூலி வந்தது. பழைய பாக்கி மட்டும் வரவில்லை.

"ஏறிக்கிட்டுதானே இருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுங்கண்ணே."

முத்தையன் மறுபடியும் தெருவில் இறங்கினார். "இன்னும் கொஞ்சம் வாங்குங்கப்பா."

காலையில் வாங்கிய வீடுகள் சாயங்காலமும் வாங்கின. நின்று நின்று தயிர்சாதம் பிசைந்ததில், நடவே தேவலை என்றது இடுப்பு.

மாசக் கடைசியில் அடுப்பைத் திருப்பி ஏற்றிப்போக ஆள் வந்துவிட்டது. செம்பியன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"கையில சல்லிக்காசு இல்லண்ணே. மன்னிச்சுக்குங்க."

முத்தையன் கணக்கெழுதும் உமாமகேஸ்வரியிடம் போய் நின்றார்.

"என்னம்மா இது? எங்க தெரு அவ்வளவு வாங்கியுமா மூடுறீங்க?"

அவள் முத்தையன் பெயருக்கு நேரே இருந்த பாக்கியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க வாங்குனதாலதாண்ணே மூடுறோம். வண்டிக்கூலி போக ஒரு பொட்டலத்துக்கு அம்பது ரூவா நட்டம். உங்க தெருவுக்குப் போனது இருநூத்தி எம்பத்தேழு. பெருக்கிப் பாருங்க, உங்க பாக்கி சரியா வரும்."