புல்கெண்டையும் கல்யாணச் சோறும்

தென்காசி வட்டாரத்தில் மீனிலும் சைவம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கெண்டை அண்ணாச்சிதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது செல்லுபடியாகவில்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் அவர் வயலுக்கு அடுத்த வயல் என்னுடையது. துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய நான், மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன். அண்ணாச்சியோ பரம்பரைச் சைவம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால், மீன் பொரிக்கும் கடைகளை மூச்சைப் பிடித்துக்கொண்டே கடந்து, அருவிக்கரையில் போய்த்தான் மூச்சு விடுவார்.

அப்பேர்ப்பட்டவர் நெல் வயலில் மீன் விட்டதற்குக் காரணம் மகளின் கல்யாணம். தை மாதம் முகூர்த்தம். பந்தியில் விழும் சோறு முழுக்க மருந்தடிக்காத தன் வயல் நெல்தான் என்று சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, ஒரு விவசாயிகள் கூட்டத்தில், வயல் தண்ணீரில் மீன் வளர்த்தால் அது பூச்சியைத் தின்னும், அதன் கழிவே உரமாகும் என்று ஓர் அதிகாரி பேசினார். அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"பூச்சியத் திங்குத மீனு நமக்கு ஆவாது சார். சைவ மீனு இருந்தாச் சொல்லுங்க."

"புல்கெண்டைன்னு ஒண்ணு இருக்கு. அது புல்லுதான் திங்கும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வந்தது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் அதற்குள் மீன்குஞ்சு வாங்கப் பஸ் ஏறிவிட்டார்.

வயலோரம் ஆழமாக ஒரு பள்ளம் வெட்டி, மடையில் வலை கட்டி, சாரல் தண்ணீர் வந்து நட்ட பயிர் பச்சை பிடித்ததும் குஞ்சுகளை விட்டார். விடுமுன் பாலிதீன் பைக்குச் சாம்பிராணி வேறு காட்டினார்.

கொஞ்ச நாளில் வயலின் ஒரு மூலை மொட்டையாகிவிட்டது.

"பாயி, ஒம்ம ஆட்டக் கட்டிப் போடும்."

"எங்கிட்ட ஆடே கெடையாதே அண்ணாச்சி."

"அப்போ மயிலு."

முருகன் வாகனத்தின் மேல் பழி போட்டதும் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிஜக் குற்றவாளியைப் பிடிக்க இருவரும் வரப்பில் நின்று பார்த்தோம். ஒரு பயிர் லேசாக ஆடியது. பிறகு அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது.

"நெல்லும் புல்லு சாதிதான அண்ணாச்சி. அதுக்கு வித்தியாசமா தெரியும்?"

அண்ணாச்சி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்திக்குக் கொடுத்த வாக்கைக் கண்ணெதிரே கெண்டை தின்றுகொண்டிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"எல்லாத்தையும் புடிச்சு எங்கிட்டத் தாங்க. இன்னைக்கே தீத்துருதேன்" என்று நல்ல மனசோடுதான் சொன்னேன்.

"என்னவே பேசுதீரு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு கூட்டியாந்த ஜீவன். அதக் கொன்னுட்டு வடிச்ச சோறு தொண்டையில எறங்குமா?"

மறுநாளே வயலில் தண்ணீரைக் குறைத்து மீன்களைப் பள்ளத்துக்குள் ஒதுக்கினார். விடிந்ததும் அரிவாளோடு புல்லறுக்கக் கிளம்பினார். புளியங்குடி வரை எந்த வரப்பிலும் புல் மிஞ்சவில்லை என்று நான் சொன்னால் பாதியாவது நம்பலாம். மாடு வைத்திருந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, என்னிடம் முறையிட்டார்.

"எங்க பசு பட்டினியாக் கத்துது. அதுக்கு ஒரு நாளு குனிஞ்சு புல்லறுத்திருப்பாகளா? இப்ப மீனுக்கு அறுக்காக."

எப்படியோ நெல் தேறிவிட்டது. கதிர் முற்றியது. அறுப்பு மிஷினும் வந்து நின்றது. மடையைத் திறந்து வயலையும் பள்ளத்தையும் காயவிட்டால்தான் மிஷின் இறங்கும். திறந்தால் மீனுக்குத் தண்ணீர் இல்லை. கிழக்கே மேகம் கருத்துக் கட்டிவிட்டது. மழை விழுந்தால் கல்யாணச் சோறு சேற்றோடு போய்விடும். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார், நெல்லைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பாயி, ஒம்ம கெணத்துல விடட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கிட்டயா அண்ணாச்சி? நம்பியா தாரீங்க?"

"மத்தவன் சரின்னு தலையாட்டிட்டுக் கமுக்கமாப் புடிச்சிருவான். நீரு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமத் திங்க மாட்டீரு. கேட்டா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்."

அவர் வீட்டுக் குடம், என் வீட்டு அண்டா எல்லாவற்றிலும் மீன்களை அள்ளி என் கிணற்றில் விட்டோம். மழைக்கு முன்பே நெல் வீடு சேர்ந்தது. அன்று மிளகாய் அரைத்து வைத்துக் காத்திருந்த என் மனைவி என்னோடு பேசவே இல்லை.

கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் என்னை உட்காரவைத்து, அண்ணாச்சியே சோறு போட்டார்.

"எப்படிவே இருக்கு?"

"மீன் கொழம்பு ஒண்ணுதான் கொறச்சல் அண்ணாச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் கரண்டிச் சோறு பக்கத்து இலையில் விழுந்தது.

இப்போது அண்ணாச்சியும் மதினியும் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். என் சுகர், பிரஷர் எதையும் விசாரிக்கமாட்டார். "பிள்ளைய எப்படி இருக்கு?" என்பார். கிணற்றுப் பிள்ளைகள் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. புல்லறுப்பது இப்போது நான்.

"ஒண்ணே ஒண்ணு புடிச்சுக்கிடவா அண்ணாச்சி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"வேண்டாம்வே" என்பார்.

அந்தக் குரலைக் கேட்கத்தான் கேட்கிறேன்.