ஹாஜி மெத்வல்லி காலமாகவில்லை

'டெல்டாவின் குரல்' ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, நைல் நதிக்கரை ஸிஃப்தா நகரம் கசாப்புக்கடைத் தெருவிலிருந்து ஹாஜி மெத்வல்லி ஷராபாஸி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சகத்தில் வேலை செய்கிறவர்களும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கு நானும் சுகமே. இதை வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. நான் சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. நான் இறந்துபோனதாக உங்கள் பத்திரிகை படத்தோடு செய்தி போட்டிருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. தாமியா வடை சுற்றிக் கொடுக்கும் தாளைப் பிரித்து எழுத்துப் படித்தவன். அந்தத் தாளில் பாதி உங்கள் பத்திரிகைதான். என்னைப் படிக்கவைத்த பத்திரிகையே என்னைக் கொன்றுவிட்டதே என்ற வருத்தத்தோடு, நடந்ததைச் சொல்கிறேன்.

நம் தொகுதி மக்களவை உறுப்பினர் லுத்ஃபி ஹஷாத் அவர்கள் கோடையில் சந்தை மைதானத்தில் பேசியதை நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். பதினெட்டு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பு கட்டாயம், தொழிற்கல்வியின் வாசல் ஆண், பெண் எல்லோருக்கும் திறந்திருக்கும், கைத்தொழில் கற்பவன் மருத்துவனுக்குக் குறைந்தவனில்லை என்றார். என் பேத்தி மனார் அதை நம்பிவிட்டாள். தகப்பன் இல்லாத பெண். சட்டப்படி நான்தான் காப்பாளர். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், தொழிற்பள்ளியில் குளிர்சாதன இயந்திரப் பிரிவில்தான் சேர்வேன் என்று நின்றாள். எனக்குச் சம்மதம். டாக்டராக்க வேண்டும் என்று கனவு கண்டிருந்த அவள் தாய் ஸபாஹ் மட்டும் ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாள்.

தொழிற்பள்ளி எழுத்தர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். "இவ்வளவு மார்க் வாங்கிட்டு யாரும் இங்க வரமாட்டாங்க ஹாஜி. அதுவும் பொண்ணு. நாளைக்கு மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க. பெரிய மனுஷர் யாரையாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க." திறந்திருக்கும் வாசல் என்றார்களே, அது இதுதான்.

அன்று சாயங்காலம் நான் தொழுகைக்குப் போயிருந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்கள் விசாரிக்க வந்தார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி. ஆகவே வீட்டில் சர்க்கரையே வைப்பதில்லை. ஸபாஹ் வெறும் காப்பியைக் கொடுத்திருக்கிறாள். நம் ஊரில் சர்க்கரை இல்லாத காப்பியைச் சாவு வீட்டில்தான் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு உம்மு ஹில்மி ஒரு வாய் குடித்தாள். ஸபாஹ்வின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். விதவை என்பதால் எப்போதும் உடுத்தும் கறுப்பு உடையைப் பார்த்தாள். வானொலியில் எப்போதும் ஓடும் குர்ஆனைக் கேட்டாள். என்னைக் காணோம். அவ்வளவுதான், தெருவில் இறங்கி ஒப்பாரி வைத்துவிட்டாள். அதைக் கேட்ட ஸபாஹ், உம்மு ஹில்மி வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடமையாக இன்னும் ஒரு பானை வெறும் காப்பி போட்டு வெளியே அனுப்பியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது என் வாசலில் வரிசையாக நாற்காலி. நடுவில் உறுப்பினர். தொகுதியில் எந்தச் சாவையும் அவர் தவறவிட்டதில்லை. பள்ளிக்கூடத் திறப்பு விழாவைத் தவறவிடுவார். என்னைக் கண்டதும் தெருக்காரர்கள் முகம் வெளுத்துவிட்டது. முடிதிருத்தும் ஸெய்னுஹும் என்பவன் என் கையைப் பிடித்து இழுத்து, "பேசாம உக்காரு ஹாஜி. நீதான் செத்துட்டேன்னு நினைச்சு வந்திருக்காரு. இப்பப் போய் சாகலேன்னு சொன்னா அவருக்கு எவ்வளவு அவமானம்" என்றான்.

"அப்ப எனக்கு?" என்றேன்.

"நீ எங்க போயிடப் போற. அவரு இன்னும் ரெண்டு சாவுக்குப் போகணும்."

உட்கார்ந்தேன். உறுப்பினர் என் கையைப் பிடித்து, இறந்தவரின் மிச்ச ஆயுள் உங்களுக்குச் சேரட்டும் என்றார். சரி, வந்த வாய்ப்பை விடுவானேன் என்று மனார் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் உச்சுக்கொட்டினார். "நல்ல மார்க் வாங்கின பொண்ணை ஏன் ஸ்பானர் பிடிக்க விடறீங்க, பாவம்."

"ஐயா, பாஷா, சந்தை மைதானத்துல நீங்கதானே சொன்னீங்க?"

"அது படிக்காத பிள்ளைங்களுக்குச் சொன்னது. உங்க வீட்டுப் பிள்ளைக்கா சொன்னேன்? அண்ணன் தம்பியா நீங்க? மறைஞ்ச ஹாஜி இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரா, சொல்லுங்க."

"ஒத்துக்கிட்டாரு பாஷா. அவரு வாயாலயே சொன்னாரு, மனார் அங்கதான் சேரணும்னு. எனக்கு நல்லாத் தெரியும்."

"கடைசி ஆசையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரோடு வந்திருந்த உங்கள் நிருபர் எங்கள் இருவரையும் படம் எடுத்தார். உறுப்பினர் எழுந்து அடுத்த சாவுக்குப் போய்விட்டார்.

ஆசிரியர் அவர்களே, நான் கட்டாயப் படிப்புக்கு எதிரியில்லை. என் பிள்ளைகளை அடித்துப் படிக்கவைத்தவன் நான். கட்டாயம் என்றால் எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கட்டும். உறுப்பினர் மகன் கெய்ரோவில் அயல்மொழிப் பள்ளியில் படிக்கிறானாம். அந்தத் தம்பி ஒரு மாதம் கம்ப்ரஸர் கழற்றட்டும், கைத்தொழிலின் பெருமையை அப்புறம் பேசுவோம். மார்க் குறைந்தவனைத் தள்ளிவிடும் பள்ளமாகவே தொழிற்பள்ளியை வைத்திருக்கிறார்கள். தானாக நடந்து வருகிறவளை ஏன் வந்தாய் என்று கேட்கிறார்கள். அவள் எதைக் கேட்டாள்? ஒரு பெஞ்சில் இடம்.

இப்போது உங்கள் செய்தியால் வந்த வினையைக் கேளுங்கள். நேற்று மறுபடியும் எழுத்தரிடம் போனேன். அவர் பத்திரிகையைக் காட்டி, "காப்பாளர் இறந்துட்டாருன்னு போட்டிருக்கே. உங்க கையெழுத்தை நான் எப்படி எடுத்துக்கறது?" என்கிறார்.

"நான் உன் முன்னாடிதானய்யா நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, இல்லேங்கல. ஆனா அச்சுல வந்துடுச்சே."

வியாழனோடு சேர்க்கை முடிகிறது. ஆகவே புதன்கிழமைப் பதிப்பில், முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், நான் உயிரோடிருப்பதாக நீங்கள் மறுப்புப் போட வேண்டும். கூடவே உறுப்பினர் சந்தையில் பேசியதையும் என் வாசலில் பேசியதையும் அருகருகே அச்சிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் அலுவலகப் படிக்கட்டில் வந்து உட்கார்வேன். எழுந்திருக்க மாட்டேன்.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், தங்கள் நிருபருக்குக் கொஞ்சம் பார்வையையும், தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் கேட்கும் படிப்பையும் தருவானாக.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
மெத்வல்லி ஷராபாஸி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மனார் ஓடி வந்தாள். உறுப்பினர் அலுவலகத்திலிருந்து தொழிற்பள்ளிக்கு ஃபோன் வந்ததாம். மறைந்த ஹாஜியின் கடைசி ஆசை இது, அந்த ஆதரவற்ற பெண்ணை உடனே சேருங்கள் என்று உத்தரவாம். எழுத்தர் எழுந்து நின்று, ஸபாஹ்விடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, என் ஆன்மாவுக்காக துஆவும் செய்தாராம். பெயர் பதிவாகிவிட்டது. சனிக்கிழமை வகுப்பு. ஆகவே தயவுசெய்து எந்த மறுப்பும் போட வேண்டாம். யாராவது கேட்டால், மெத்வல்லியிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை என்று சொல்லுங்கள். எழுதும் நிலையில் நான் இல்லை என்பது உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது.